நிலைத்த திசுக்களை நீங்களே வெட்டிப் பார்க்க: மலைவாழ் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிந்து பெருகுவதை நிறுத்திக்கொண்டு, ஒரு வேலைக்கென்று வடிவம் எடுத்துவிட்ட செல்களின் கூட்டம் நிலைத்த திசு. ஒரே வகைச் செல்களால் ஆனவை எளிய திசுக்கள்: பாரங்கைமா, கோலங்கைமா, ஸ்கிளிரங்கைமா. பல வகைச் செல்கள் சேர்ந்து ஒரே வேலையைப் பார்த்தால் அவை கூட்டுத் திசுக்கள்: நீரைக் கடத்தும் சைலம், உணவைக் கடத்தும் ஃபுளோயம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்து, "இதில் கோலங்கைமா எங்கே?" என்று கேட்டால்தான் திணறுகிறார்கள்.

காரணம், வரிசை. முதல் நாளே ஐந்து திசுக்களும் கலந்து கிடக்கிற ஒரு முழுத் தண்டை வெட்டச் சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். ஒரு நேரத்தில் ஒரு திசு, அதுவும் அந்தத் திசு மிகுதியாக இருக்கிற ஒரு செடி என்று போனால் குழப்பம் வராது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி: வேண்டியதெல்லாம் காய்கறிக் கடையிலும் வீட்டு வேலியோரத்திலும் கிடைத்துவிடும்.

1. பெயரைத் தேடாதீர்கள், சுவரைப் பாருங்கள்

திசுக்களைப் பிரித்தறிய உதவுவது செல்சுவர். எந்தச் செல்லைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். சுவர் மெல்லியதா, தடித்ததா? தடித்தது என்றால் சுற்றிலும் ஒரே அளவாகத் தடித்திருக்கிறதா, சில இடங்களில் மட்டுமா? அந்தத் தடிப்பில் லிக்னின் (சுவரைக் கடினமாக்கும் பொருள்) இருக்கிறதா?

மெல்லிய சுவர் என்றால் பெரும்பாலும் பாரங்கைமா. மூலைகளில் மட்டும் தடித்து, லிக்னின் இல்லை என்றால் கோலங்கைமா. சுற்றிலும் தடித்து, லிக்னின் ஏறி, நடுவில் சிறு துளை மட்டும் மிஞ்சியிருந்தால் ஸ்கிளிரங்கைமா. செல் உயிருள்ளதா என்ற கேள்வியை முதலில் கேட்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். வெட்டும்போது உள்ளிருப்பது வழிந்துவிட்டால் உயிருள்ள செல்லும் காலியாகத்தான் தெரியும். சுவர் அப்படி மாறாது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

இரண்டு பக்கமும் கூரான புது ஷேவிங் பிளேடு. அதன் காகித உறையோடு சேர்த்து நீளவாக்கில் மடித்தால் இரண்டாக உடையும். ஒரு பாதி போதும். பென்சில் சீவிய பிளேடு, காகிதம் வெட்டிய பிளேடு எதுவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத பல்லு விழுந்த இடம் திசுவைக் கிழித்துக் கோடு போட்டுவிடும்.

சீவல்களை மிதக்கவிட வாட்ச் கிளாஸ் நான்கைந்து, மெல்லிய பிரஷ், ஊசி, ஸ்லைடு, கவர்ஸ்லிப், டிராப்பர், வடிதாள். மெல்லிய தண்டையும் இலையையும் பிடித்து வெட்டுவதற்கு ஒரு கேரட். கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து வருகிற கேரட்டில் வாடாத, உறுதியானது ஒன்றாகப் பாருங்கள்.

சாயங்கள் மூன்று: அயோடின் கரைசல், 1 சதவீத சாஃப்ரனின், 0.05 சதவீத டொலுய்டின் ப்ளூ. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் டொலுய்டின் ப்ளூவைச் சொல்வேன். ஏன் என்று ஆறாம் பகுதியில் வரும்.

ஸ்லைடில் சீவல் காய்ந்துபோகாமல் இருக்க, கிளிசரினில் ஒரு பங்கும் தண்ணீரில் மூன்று பங்கும் கலந்து தயாராக வையுங்கள். குளிர்காலத்தில் தனிக் கிளிசரின் கெட்டிப்பட்டு டிராப்பரில் ஏறாது. பாட்டிலைச் சற்று நேரம் வெந்நீரில் நிறுத்தி வைத்தால் இளகும்.

செடிகளைக் கொண்டுவர ஈரத்துணி சுற்றி எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போடுங்கள். மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. டப்பாவில்தான் தண்டும் வாடாமல் இருக்கும். சோலைக்காட்டுக்குள் போய் எதையும் ஒடிக்க வேண்டாம். இந்தப் பாடத்துக்கு அதற்குத் தேவையே இல்லை.

3. செடிகளை இந்த வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள்

பாரங்கைமாவுக்கு உருளைக்கிழங்கும், நீரோடை ஓரத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கும் காலா லில்லியின் இலைக்காம்பும். கோலங்கைமாவுக்குப் புதினாத் தண்டும் செலரிக் காம்பும். ஸ்கிளிரங்கைமாவுக்கு நாட்டுப் பேரிக்காய், முற்றிய தேயிலை, காய்ந்த பட்டாணி. சைலத்துக்கும் ஃபுளோயத்துக்கும் சௌசௌ என்கிற மேரக்காயின் கொடி. கடைசியாக, தொங்கும் ஊசியிலை கொண்ட பட்டுலா பைன் மரத்தின் பென்சில் தடிமனான குச்சி.

பாடநூல்களில் கோலங்கைமாவுக்கு ஊமத்தையைச் சொல்வார்கள். நம் சாலையோரங்களில் தலைகீழாக எக்காளப் பூ தொங்குகிற மரமும் அதன் உறவுதான். இரண்டுமே கடும் விஷம். பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், புதினாவே போதும்.

டிசம்பர், ஜனவரியில் இன்னொரு கவனம் வேண்டும். உறைபனி அடித்த செடி காலையில் பச்சையாகத்தான் நிற்கும். ஆனால் செல்லுக்குள்ளும் வெளியிலும் பனிக்கட்டி உருவானதில் பாரங்கைமாச் செல்கள் சிதைந்திருக்கும். வெட்டினால் கூழாக வரும். கூரைக்கோ மரத்துக்கோ அடியில் பனி படாமல் நின்ற செடியைத் தேடி எடுங்கள்.

4. வெட்டுவது: பாதி வேலை இதில்தான்

தண்டு விறைப்பாக இருக்க வேண்டும். செல்லுக்குள் நீர் நிறைந்திருந்தால்தான் பிளேடு பாயும்போது சுவர் வளையாமல் எதிர்த்து நிற்கும். சற்று வாடியிருந்தால் அரை மணி நேரம் தண்ணீரில் போட்டுவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தண்டை நேர்ச்செங்குத்தாகப் பிடியுங்கள். கட்டைவிரல் நுனி, ஆட்காட்டி விரலைவிட ஒரு படி கீழே இருக்கட்டும். பிளேடு உங்களை நோக்கித்தான் வரும். வழியில் கட்டைவிரல் இருந்தால் வெட்டுப்படும். முதலில் ஒரு தடித்த துண்டை வெட்டி எறிந்து, மேற்பரப்பைச் சமமாக்கிக்கொள்ளுங்கள்.

பிளேடையும் தண்டையும் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த பிளேடில் சீவல் ஒட்டிச் சுருண்டு கிழியும். பிளேடைக் கிடைமட்டமாக வைத்து, ஒரே இழுப்பில், சாய்வாக உங்களை நோக்கி இழுங்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்: ரம்பம் போல முன்னும் பின்னும் அறுக்கிறார்கள், அல்லது மேலிருந்து அழுத்துகிறார்கள். அறுத்தால் சீவல் படிபடியாக வரும். அழுத்தினால் மெல்லிய செல்கள் நசுங்கும். முதலில் நசுங்குவது ஃபுளோயம்.

முழு வட்டமாகச் சீவல் வரவேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். நிறைய வெட்டி எல்லாவற்றையும் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். வாட்ச் கிளாஸுக்கு அடியில் கறுப்புத் தாளை வைத்துப் பார்த்தால், தடித்தவை வெண்மையாகவும் மெல்லியவை இருக்கிறதா இல்லையா என்று தேடும்படியும் தெரியும். அந்த இரண்டாவது வகைதான் வேண்டும். முழு வட்டமாக இருக்கிற தடித்த சீவலைவிடக் கால் வட்டமே உள்ள மெல்லிய சீவல் எவ்வளவோ மேல். ஒரு செல் அடுக்குக்கு மேல் போனால் கீழடுக்கின் சுவரும் மேலடுக்கின் சுவரும் ஒன்றன்மேல் ஒன்று தெரிந்து, எல்லாமே தடித்த சுவராகத் தோன்றும்.

வெட்டு சாய்ந்துபோனாலும் இதே கதைதான். சைலக்குழாய்கள் (சைலத்தில் நீர் போகும் அகன்ற குழாய்கள்) வட்டமாக இல்லாமல் எல்லாம் ஒரே பக்கமாக நீண்ட முட்டை வடிவில் தெரிந்தால் வெட்டு சாய்வு என்று அர்த்தம். அந்தச் சீவலை ஒதுக்கிவிட்டு மறுபடி வெட்டுங்கள்.

5. பாரங்கைமா: சாயம் இல்லாமல் தொடங்குங்கள்

உருளைக்கிழங்குச் சீவலை ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பைத் தண்ணீரில் தொட வைத்து, ஊசியால் மெல்லச் சாய்த்து இறக்குங்கள். மேலிருந்து தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழி மாட்டும். குமிழிக்குக் கறுத்த தடித்த விளிம்பு இருக்கும். அதைச் செல் என்று நினைத்துப் படம் வரைந்து முடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாயம் இல்லாதபோது நுண்ணோக்கியின் டயஃப்ரத்தை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் துளை) சற்று மூடுங்கள். வெளிச்சம் அதிகமானால் மெல்லிய சுவர் கரைந்துபோனதுபோல் மறைந்துவிடும். குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். பனிக்காலக் காலையில் மூச்சுப் பட்டால் கண்ணருகு லென்ஸ் மங்கும். ஃபோகஸ் போய்விட்டது என்று நினைத்துத் திருகை உருட்டாதீர்கள், துடையுங்கள்.

இப்போது தெரிவது: ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஒத்த அளவுள்ள, மெல்லிய சுவர்கொண்ட செல்கள். உள்ளே சிப்பி ஓட்டில் இருப்பதுபோல வரிவரியாகக் கோடு போட்ட ஸ்டார்ச் மணிகள். கவர்ஸ்லிப் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டு, மறு ஓரத்தில் வடிதாளால் உறிஞ்சுங்கள். மணிகள் கருநீலமாக மாறுவதைக் கண் முன்னால் பார்க்கலாம். பாரங்கைமாவின் சேமிப்பு வேலை இது.

அடுத்து காலா லில்லியின் காம்பு. இதில் செல்களைவிட அவற்றுக்கு நடுவிலுள்ள வெளிதான் பெரிதாகத் தெரியும். சேற்றில் நிற்கிற செடிக்குள் காற்றுப் போய்வர வழிவிடும் பாரங்கைமா இது, ஏரங்கைமா என்பார்கள். காற்று நிறைந்த இடைவெளி கறுப்பாகத் தெரியும், அதை நிறமுள்ள செல் என்று எண்ண வேண்டாம். இந்தச் செடியின் சாற்றில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு; அரிக்கும். கண்ணைத் தொடாமல் கையைக் கழுவுங்கள்.

பச்சையம் உள்ள பாரங்கைமாவுக்குக் குளோரங்கைமா என்று பெயர். தேயிலையை வெட்டும்போது தானாகவே கண்ணில் படும், அதற்கென்று தனியாக மெனக்கெட வேண்டாம்.

6. சாயம் ஏற்றுவது

டொலுய்டின் ப்ளூவில் சீவலை ஒரு நிமிடம் வைத்து, தண்ணீரில் நீலம் கழிவது நிற்கிறவரை அலசி, தண்ணீரிலேயே பாருங்கள். லிக்னின் ஏறிய சுவர் பச்சை கலந்த நீலமாகவும், லிக்னின் இல்லாத சுவர் ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். ஒரே சாயம் இரண்டு நிறம் காட்டுவதால்தான் தொடக்கக்காரர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

சாஃப்ரனின் லிக்னினைச் சிவப்பாக்கும். ஆனால் அதிக நேரம் விட்டால் எல்லாச் சுவரும் சிவந்துபோகும், கோலங்கைமாகூட ஸ்கிளிரங்கைமா மாதிரி நிற்கும். ஒரு நிமிடம் போதும். அப்புறம் அலசுகிற நீர் தெளிகிறவரை அலசுங்கள். பாரங்கைமாவின் சுவர் சிவப்பாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; இருந்தால் சாயம் மிகுந்துவிட்டது, அந்த ஸ்லைடை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

7. கோலங்கைமா: அதிகம் பேர் தவறவிடும் திசு

புதினாத் தண்டு சதுரமாக இருப்பதைக் கையாலேயே உணரலாம். அந்த நான்கு மூலைகளில், புறத்தோலுக்கு நேர் கீழே இருக்கிறது கோலங்கைமா. முதலில் சாயமில்லாமல் தண்ணீரில் பாருங்கள். மூலைகளில் மட்டும் வெண்மையாக, முத்துப்போலப் பளபளக்கும் திட்டுகள் தெரியும். அந்தப் பளபளப்புதான் தடித்த சுவர். நடுவில் சற்று மங்கலாகத் தெரிவது செல்லின் உட்புறம். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, பளபளக்கும் பகுதியைச் செல் என்றும் மங்கலானதை இடைவெளி என்றும் வரைந்துவிடுகிறார்கள். ஃபோகஸை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால் எது சுவர் என்று பிடிபடும்.

சாயம் ஏற்றினால் அந்தத் தடிப்பு ஊதா கலந்த சிவப்பாக வரும். பச்சை கலந்த நீலம் வராது. செல்லுலோஸும் பெக்டினும்தான் அந்தத் தடிப்பில், லிக்னின் இல்லை. இந்தச் செல்கள் உயிரோடு இருக்கின்றன; லிக்னின் இல்லாததால் தண்டு நீளும்போது தாமும் நீள்கின்றன. வளரும் இளந்தண்டு காற்றில் ஒடியாமல் வளைந்து நிற்பது இந்தத் திசுவால்.

இதன் சுவரில் நீர் மிகுதி. ஆல்கஹாலில் போட்டால் நீர் வெளியேறிச் சுவர் சுருங்கி, தடிப்பே இல்லாததுபோல் ஆகிவிடும். கோலங்கைமா பார்க்க வேண்டிய தண்டைப் பச்சையாகவே வெட்டுங்கள்.

செலரிக் காம்பில் இன்னொரு பாடம் இருக்கிறது. காம்பை ஒடித்து இழுத்தால் வெளிப்புற வரம்புகளிலிருந்து நார் நாராக உரிந்து வரும். அதைச் சைலம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஒரு காம்பைச் சிவப்பு நிறமூட்டிய தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். சிவந்திருப்பது சற்று உள்ளே இருக்கும் புள்ளிகள், அவைதான் சைலம். உரிந்து வந்த நார் அதற்கு வெளியே, தோலை ஒட்டி, நிறமேறாமல் இருக்கும். அது கோலங்கைமா. இதைச் செய்து பார்த்தவர்கள் அப்புறம் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

வேரிலும், புல் வகைத் தண்டிலும் கோலங்கைமாவைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒருவித்திலைத் தாவரங்களில் பொதுவாக இருக்காது.

8. ஸ்கிளிரங்கைமா: மூன்று பொருள்கள்

நாட்டுப் பேரிக்காயை மென்றால், சோற்றில் கல் கடிபடுவதுபோல நறநறக்கும். அந்த நறநறப்பு கல்செல்கள். விதையறைக்குப் பக்கத்திலிருந்து குண்டூசித் தலையளவு சதையை எடுத்து, ஸ்லைடில் வைத்து ஊசியால் நசுக்கி, சாயம் ஏற்றிப் பாருங்கள். இதற்கு பிளேடே வேண்டாம். கொத்துக் கொத்தாக, மிகத் தடித்த சுவர்கொண்ட செல்கள் தெரியும். உயர் உருப்பெருக்கத்துக்குப் போய், நுண்திருகை மட்டும் நகர்த்துங்கள். சுவரில் அடுக்கடுக்கான வரிகளும், நடுத்துளையிலிருந்து வெளியே ஓடும் கிளைத்த நுண்கால்வாய்களும் தெரியும். இவை குழிகள், செல் உயிரோடு இருந்த காலத்தில் பக்கத்துச் செல்லோடு தொடர்பு வைத்திருந்த வழிகள்.

தேயிலையில் கொழுந்தைப் பறிக்காதீர்கள். இளந்தளிரில் இந்தச் செல்கள் சரியாக உருவாகியிருக்காது. செடியின் உட்புறத்தில் கரும்பச்சையாக நிற்கும் முற்றிய இலையின் நடுநரம்புப் பகுதியைக் கேரட்டுக்குள் செருகி வெட்டுங்கள். மென்மையான பச்சைச் செல்களுக்கு நடுவே, கைகால் விரித்ததுபோலக் கிளைத்த பெரிய ஸ்கிளிரைடுகள் (கல்செல்லும் இந்த வகைதான்) தெரியும். வெட்டிய உடனே தண்ணீரில் போட்டுவிடுங்கள். தாமதித்தால் இலையிலுள்ள பாலிஃபீனால்கள் காற்றுப் பட்டுப் பழுப்பாகி எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பட்டாணியை இரவு முழுக்க ஊறவைத்து, தோலை மட்டும் உரித்துக் கேரட்டில் பிடித்துக் குறுக்கே வெட்டுங்கள். வெளியடுக்கில் நெருக்கமாக நிற்கும் தூண் வடிவச் செல்கள் மேக்ரோஸ்கிளிரைடுகள். அதன் கீழே, இரு முனையும் அகன்று நடுவில் ஒடுங்கியவை ஆஸ்டியோஸ்கிளிரைடுகள்.

ஸ்கிளிரங்கைமாவின் மற்றொரு வகை நார். நீளவாக்கில் பார்த்தால்தான் கூர்முனையுள்ள நீண்ட செல் என்று தெரியும். குறுக்கு வெட்டில் சிறு துளையுள்ள பலகோணங்களாக மட்டுமே தெரிவதால், கல்செல்லோடு குழம்பும். இளம் சூரியகாந்தித் தண்டில் ஒவ்வொரு வாஸ்குலார் கற்றைக்கும் (சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த கட்டு) வெளிப்புறம் தொப்பிபோல இருப்பது நார்களின் கூட்டம். அதைக் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றும் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

9. சைலம்: குறுக்கும் நெடுக்கும்

மேரக்காய்க் கொடியில் சைலக்குழாய்கள் மிகப் பெரியவை. மெல்லிய சீவலை வெளிச்சத்தில் பிடித்தால் துளைகள் வெறும் கண்ணுக்கே புள்ளிகளாகத் தெரியும். அதனால்தான் முதல் கூட்டுத் திசுவாக இதை வைக்கிறேன்.

சாயம் ஏற்றிய குறுக்கு வெட்டில் அகன்ற துளைகள் சைலக்குழாய்கள். அவற்றைச் சுற்றியுள்ள மெல்லிய சுவர்ச் செல்கள் சைலம் பாரங்கைமா. சைலத்தின் நான்கு வகைச் செல்களில் (சைலக்குழாய், குறுகலான நீர்கடத்தும் செல்லான டிரக்கீடு, சைலம் நார், சைலம் பாரங்கைமா) முதிர்ந்த பிறகும் உயிரோடு இருப்பது இது மட்டும்தான். டிரக்கீடும் சைலம் நாரும் குறுக்கு வெட்டில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அங்கேயே நின்று பிரிக்க முயல வேண்டாம்.

நெடுக்கு வெட்டில், மையத்தை நோக்கிய குறுகிய குழாய்களில் வளையங்களும் சுருள்களும் தெரியும். தண்டு நீண்டுகொண்டிருந்தபோதே உருவானவை அவை. வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய சுவர் இழுபட இடம் கொடுக்கிறது. வெளிப்பக்கம் வர வர, வலைபோலவும் குழிகளோடும் முழுச் சுவரும் தடித்திருக்கும். நீட்சி முடிந்த பிறகு வந்தவை இவை.

நெடுக்கு வெட்டுக்குத் தண்டை முதலில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, கற்றை கண்ணில் படும் இடத்திலிருந்து சீவத் தொடங்குங்கள். கண்டபடி சீவினால் பாரங்கைமா மட்டும்தான் வரும்.

10. ஃபுளோயம்: பொறுமை வேண்டிய இடம்

மேரக்காய் இருக்கும் வெள்ளரிக் குடும்பத்தில் சைலத்துக்கு வெளியிலும் உள்ளிலும் ஃபுளோயம் உண்டு. இருபுற ஃபுளோயக் கற்றை இது. ஒரு பக்கம் நசுங்கினாலும் மறுபக்கம் பார்க்கலாம்.

கொடியை ஒடித்ததும் சாறு கசியும். ஃபுளோயத்தில் உணவு போகும் சல்லடைக் குழாய்க்குள் அழுத்தம் திடீரென்று இறங்கி, உள்ளிருப்பதெல்லாம் சல்லடைத் தட்டில் (அதன் செல்களுக்கு நடுவிலுள்ள துளையிட்ட சுவர்) போய் அடைத்துக்கொள்ளும். அதனால் நீளமான துண்டாக ஒடித்து, உடனே ஆல்கஹாலில் போட்டு, மறுநாள் நடுப்பகுதியை மட்டும் வெட்டுங்கள். கோலங்கைமா பார்க்கத் தனியாக ஒரு பச்சைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சல்லடைத் தட்டு எல்லாச் செல்லிலும் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெட்டு சரியாகத் தட்டின் வழியே போனால் மட்டும்தான் துளைகளோடு ஒரு வட்டம் தெரியும். பல சீவல்களைத் தேட வேண்டியிருக்கும். தேடுங்கள், ஒன்று கிடைத்தாலே போதும். அதன் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சிறிய, அடர்ந்த செல் துணைச்செல். முதிர்ந்த சல்லடைக் குழாய்ச் செல்லுக்கு உட்கரு கிடையாது. அதை நடத்துவது துணைச்செல்லின் உட்கரு.

11. பைன்: இல்லாததைத் தேடிப் பார்ப்பது

பைன் குச்சியை ஆல்கஹாலில் ஊறவைத்துப் பிசினை நீக்கி, அப்புறம் தண்ணீரில் வேகவைத்து மென்மையாக்குங்கள். ஊட்டி போன்ற 2,200 மீட்டருக்கு மேலான ஊரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளிக்காரர்கள் சொல்லும் நேரம் இங்கே போதாது. பிரஷர் குக்கர் இருந்தால் நல்லது.

மையத்திலிருந்து பட்டையை நோக்கிப் போகும் ஆரத்தளத்தில் நெடுக்காகச் சீவுங்கள். நீண்ட டிரக்கீடுகளின் சுவரில், வட்டத்துக்குள் வட்டமாக வரம்புடைய குழிகள் வரிசையாகத் தெரியும். அவை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் தளம் தவறியிருக்கும், குச்சியைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி சீவுங்கள். மேரக்காயில் கண்ட அகன்ற குழாய் இங்கே ஒன்றுகூட இருக்காது. பைனில் சைலக்குழாயும் இல்லை, துணைச்செல்லும் இல்லை. இதை முதலில் பார்த்திருந்தால் பொருள் புரியாது. இருப்பதைப் பார்த்த பிறகுதான் இல்லாதது கண்ணில் படும்.

12. படமும் சோதனையும்

முதலில் எந்தத் திசு எங்கே என்று எல்லைக்கோடு மட்டும் வரையுங்கள். பிறகு ஒரு சிறு பகுதியில் மட்டும் செல்களை வரையுங்கள். தடித்த சுவருக்கு இரட்டைக் கோடு. புத்தகத்தை மூடி வையுங்கள்.

எல்லா ஸ்லைடும் தயாரானதும் பெயர்ச்சீட்டுகளைப் பின்பக்கம் ஒட்டி, வேறொருவரைக் கலக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, திசுவின் பெயரை எழுதும் முன் சுவரைப் பற்றிய மூன்று பதில்களையும் எழுதுங்கள். பெயர் தவறினால் எந்தப் பதிலில் தவறினீர்கள் என்று பார்த்து, அந்தத் திசுவுக்கான செடியை மட்டும் மறுபடி வெட்டினால் போதும்.